கடைசி விடுப்புத் தாள்

ஜூலை 2, செவ்வாய்

முப்பத்தாறு வருடக் குடும்பத்தை நான்கு நிமிடத்தில் அனுப்பி வைத்துவிட்டார்கள். காலை பத்தரைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தோம். மூன்றரைக்குத்தான் "ஆவுடையப்பன், உலகம்மாள்" என்று கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா வழக்குக் கட்டைப் புரட்டினார். எங்கள் நரைத்த தலைகளை ஒருமுறை பார்த்தார். "சமரச மையத்துக்குப் போய்ப் பேசிப் பாருங்க" என்றார். முடிந்தது.

அறுபத்து மூன்று வயதில் என் மனைவி விவாகரத்து கேட்கிறாள். குடித்தேனா? கை நீட்டினேனா? தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊரில் நான் நடந்துபோனால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மனுவில் 'மனரீதியான கொடுமை' என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் காது சுட்டது.

போன நவம்பரில் என் அம்மா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, உலகம்மாள் ஒரு பெட்டியோடு கிளம்பினாள். பாளையங்கோட்டையில் ஒரு மாடிப் போர்ஷன். பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாளாம்.

ஜூலை 4, வியாழன்

சீரகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ரசம் வைத்தேன். வெந்நீரில் புளி கரைத்த மாதிரி இருந்தது. ஏழு டப்பா ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றிலாவது பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாளா? என் ஆய்வகத்தில் ஒரு சின்னக் குப்பிகூடப் பெயர்ச் சீட்டு இல்லாமல் இருந்ததில்லை.

கோபத்தில் ஏழையும் திறந்து போட்டேன். சீரகம் கடைசி டப்பாவில்.

ஜூலை 9, செவ்வாய்

சமரச மையம் நீதிமன்ற வளாகத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அடுத்து. ஒரு வட்ட மேசை, நாலு நாற்காலி, ஒரு டப்பா நிறைய டிஷ்யூ காகிதம். அழுவதற்கு என்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சமரசர் ஒரு வழக்கறிஞர், ஜெசிந்தா. என் மகள் வயதுதான் இருக்கும். இங்கே பேசுவது எதுவும் நீதிமன்றத்துக்குப் போகாது, தான் தீர்ப்புச் சொல்கிறவள் அல்ல, நாங்களே பேசி ஒரு முடிவுக்கு வரத்தான் இந்த இடம் என்றெல்லாம் விளக்கினாள். தெளிவாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு எரிச்சல்.

என்னை முதலில் பேசச் சொன்னாள். நான் சொல்ல வந்தது எளிது. "ஒரு உதாரணம் சொல்லுதேன் மேடம். ரெண்டு காந்தத்த எடுத்துக்கிட்டீங்கன்னா, ஒத்த துருவம்..."

"சார், உதாரணம் வேண்டாமே. நடந்ததச் சொல்லுங்க."

முப்பத்து நாலு வருடம் உதாரணத்தால்தான் பிள்ளைகளுக்கு அறிவியலைப் புரியவைத்தேன். எந்த அதிகாரியும் என் வாயை இப்படி அடைத்ததில்லை. எதிரே உட்கார்ந்திருந்த உலகம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள் என்று சத்தியம் செய்வேன்.

நடந்ததைச் சொன்னேன். வீடு கட்டினேன். மகள் செண்பகாவைப் படிக்கவைத்துக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தேன். என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்ததால் சில முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது, அதைக் குற்றமாக்குகிறாள் என்றேன்.

"என்ன முடிவு சார்?"

"பொதுவாச் சொன்னேன்."

உலகம்மாள் முறை வந்தது. "நான் அடுத்த தடவை சொல்லுதேன். சார் யோசிச்சிட்டு வரட்டும்" என்றாள்.

சார்! கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' என்று கூப்பிட்டவள். ஆசிரியர் அறையில் அடுத்த மேசைக்காரனைக் கூப்பிடுவதுபோல் சார்.

கிளம்பும்போது ஜெசிந்தா எங்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தாள். உலகம்மாளின் குறை என்ன என்று நான் அவளாகவே இருந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். என் குறையை அவள் நானாக இருந்து எழுத வேண்டும். எனக்கு வீட்டுப்பாடம்! பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்ன சார், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

ஜூலை 10, புதன்

எழுதினேன். 'நான் உலகம்மாள். என் கணவர் நேர்மையானவர். கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவர். ஆனால் வீட்டு வேலைகளில் உதவி குறைவு. சில சமயம் சத்தம் போடுவார். மற்றபடி...'

மற்றபடி என்பதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முக்கால் பக்கம் காலி. மாணவன் இப்படிக் கொண்டுவந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஜூலை 14, ஞாயிறு

பிச்சையா வந்தான். என் பழைய சினேகிதன். உலகம்மாள் கடைசிவரை வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வந்ததும் அடுக்களையை எட்டிப் பார்த்தான்.

"என்னவே, காப்பியாவது போடத் தெரியுமா, இல்ல நான் போடட்டுமா?"

"உக்காரும்வே. போடுதேன்."

"சின்ன வயசுல பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போனா ஊரு சிரிக்கும். இந்த வயசுல போனா ஊரே எழவு கேக்க வரும். எனக்கு நாலு பேரு போன் பண்ணிட்டான்."

டம்ளரை நீட்டினேன். காப்பியைக் குடித்து முகத்தைச் சுளித்தான். போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"ஆவுடை, அந்த லெட்டரப் பத்திக் கேட்டா, டீச்சர் கையெழுத்து இருந்துச்சு, மேல அனுப்பிவச்சேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்னுதான் சொல்லுவேன். பாத்துக்கிடும்."

"யாரு உம்மக் கேக்கப் போறா?"

எந்தக் கடிதம் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போன வேகம்தான் எனக்கு ஆத்திரம். கேட்டபோது பல்லைக் காட்டிக்கொண்டு செய்தவன்தானே.

ஜூலை 16, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என் வீட்டுப்பாடத்தை வாசித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஜெசிந்தா உலகம்மாள் பக்கம் திரும்பினாள்.

உலகம்மாள் கண்ணாடி போட்டு வாசித்தாள். 'நான் ஆவுடையப்பன். எங்க அப்பா கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர். எல்லாரும் அவரை ஏய் என்று கூப்பிட்டார்கள். என்னை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று படித்தேன். ஹெச்.எம். என்று கதவில் பலகை தொங்கினால்தான் தூக்கம் வரும் என்று இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் ஒருத்திதான் மிச்சம். அவளும் போய்விட்டாள். காலையில் எழுந்ததும் யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை.'

இவற்றில் ஒன்றைக்கூட நான் அவளிடம் சொன்னதில்லை. எங்கும் தவறில்லை. மதிப்பெண் போட்டால் முழு மதிப்பெண் போட வேண்டும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "நாடகம் போடுதா மேடம் இவ!" என்று கத்தினேன். ஜெசிந்தா தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

பிறகு உலகம்மாள் பையிலிருந்து இரண்டு நகல்களை எடுத்தாள். ஒன்று அவளுடைய பணிப்பதிவேட்டின் ஒரு பக்கம். மற்றொன்று, அதில் சொல்லியிருந்த கடிதம். தலைமை ஆசிரியை பதவி உயர்வு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் கடிதத்தை எங்கள் துறையில் உரிமைவிடல் என்போம். அவளுக்கு மூன்று முறை அந்த வாய்ப்பு வந்தது. மூன்று முறையும் உரிமைவிடல்.

"மொத தடவ புள்ள கைக்குழந்தை. நானே எழுதினேன். ரெண்டாவது, அவ பன்னெண்டாங் கிளாஸ். அதுவும் நான்தான். மூணாவது ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. அந்த வருஷம் சார் ஆபீஸுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து, லிஸ்ட்ல ஒம் பேரே இல்ல, எவனோ விளையாடிட்டான்னு சொன்னாரு. நான் ரெண்டு நாள் சாப்பிடல. எனக்குச் சோறு ஊட்டிவிட்டாரு மேடம். ஊட்டிவிட்டாரு!"

இதுவரை அவள் குரல் உயர்ந்ததில்லை. இப்போது மேசையைத் தட்டினாள். டிஷ்யூ டப்பா விழுந்தது. "ரிட்டையர் ஆகும்போது ரிஜிஸ்தர்ல பாக்கேன். மூணாவது உரிமைவிடல். எங் கையெழுத்து. மேல இருக்க எழுத்து இவரு எழுத்து."

அவள் கையெழுத்து எப்படி வந்தது என்று ஜெசிந்தா கேட்டாள். இது வெளியாட்களுக்குப் புரியாது. திடீரென்று காய்ச்சல் வந்தால் யார் விடுப்புக் கடிதம் எழுதுவது? அதனால் இரண்டு பேருமே கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேலே வெறுமையாக விட்ட தாள்களைப் பீரோவில் வைத்திருப்போம். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் தேதியும் காரணமும் எழுதிப் பள்ளியில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது. ஆசிரியத் தம்பதிகள் பலரும் செய்வதுதான்.

"அதுல ஒண்ண எடுத்தீங்களா சார்?"

"அம்மா படுக்கையில கெடந்தாங்க. இவ எங்கயாவது தூரமாப் போயிட்டா..."

"அத்த படுக்கையில விழுந்தது ரெண்டாயிரத்துப் பதினாறு" என்றாள் உலகம்மாள். "பன்னெண்டுல தெனமும் தாமிரபரணியில குளிச்சிட்டு, நனஞ்ச சேலையோட கோயிலுக்கு நடந்து போவாங்க. காலி இடத்துல ஒண்ணு கோவில்பட்டிப் பக்கம். பஸ்ஸுல ஒன்றர மணி நேரம்தான். அவரு லிஸ்டப் பாத்திருக்காரு."

ஆண்டு எனக்குக் குழம்பியிருக்கலாம்.

ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள்: "நீங்க எப்ப சார் ஹெச்.எம். ஆனீங்க?"

சம்பந்தம் இல்லாத கேள்வி. 2014 என்று சொன்னேன். அவள் அதைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

உலகம்மாள் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், ஏன் எழுதினேன் என்று என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் சம்மதத்தின் பேரில் பிரிவோம். கொடுக்காவிட்டால் வழக்கு நடக்கும், கடிதம் சாட்சியமாகும், பிச்சையா கூண்டில் ஏறுவான்.

இதில் அவள் திரும்பி வருவதற்கு எங்கே இடம்? எழுதினாலும் போகிறாள். எழுதாவிட்டாலும் போகிறாள்.

ஜூலை 17, புதன்

சமைக்கவில்லை. வாழைப்பழம்.

ஜூலை 19, வெள்ளி

செண்பகா போன் செய்தாள். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தாள். நான் அவள் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன்.

"அந்த லெட்டர் விஷயம் ரெண்டு வருஷமா அவங்களுக்குத் தெரியும்பா. தெரிஞ்சிக்கிட்டேதான் ஆச்சிக்குப் பீத்துணி அலசினாங்க. ஏம்மா அப்பவே கெளம்பலன்னு கேட்டேன். அந்தக் கெழவி என்ன பாவம் பண்ணினான்னாங்க."

"என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டாங்களாம்ப்பா. மூணாவது தடவ எம் பேரு லிஸ்ட்ல வராம போச்சே, ஞாபகம் இருக்கான்னு. நீங்க ஆமா, அநியாயம்னீங்களாம்."

போனை வைத்துவிட்டேன். அப்படி அவள் கேட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு அடை. நான் இரண்டாவது அடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன். அவள் தோசைத் திருப்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் இருந்த அடை கருகியது. கவனம் வேண்டாமா என்று அதற்கும் சத்தம் போட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

சமையல் கேஸ் புத்தகத்தைத் தேடிப் பீரோவின் அடித்தட்டைக் கிளறினேன். 'விடுப்பு' என்று என் கையால் எழுதிய கோப்பு. உள்ளே ஒரு தாள் மிச்சம் இருந்தது. ஓரம் பழுத்திருந்தது. மேலே வெறுமை. கீழே வலது பக்கம் 'தங்கள் உண்மையுள்ள', அதன் கீழே அவள் கையெழுத்து.

சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என்னை நாலு பேர் முன்னால் உட்கார்த்திவைத்து அவமானப்படுத்தியிருக்கிறாள். குடும்பத்தைக் கலைக்கிறவள் அவள். காப்பாற்றப் பார்க்கிறவன் நான். மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று இரண்டு வரி போதும். சட்டப்படி நிற்குமோ நிற்காதோ, வழக்குக் கட்டோடு கொண்டுபோய் வைத்தால் கொஞ்ச நாளாவது இழுக்கும்.

'அனுப்புநர்: ஆ. உலகம்மாள்' என்று எழுதினேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. அதனால் நிறுத்திவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

பேனாவில் மை இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

அந்தத் தாளை மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்து எடுத்துப் போனேன். உட்கார்ந்ததும் அவள் முன்னால் வைத்தேன்.

"பீரோவுல இருந்துச்சு. ஒண்ணுதான் மிச்சம்."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"கோப்பு முழுக்கப் பாத்துட்டேன்."

கண்ணாடியை மாட்டினாள். மேலே எழுதியிருந்ததைப் பார்த்தாள். அவள் பெயர், என் எழுத்து.

"இது எப்ப எழுதினது?"

"ஞாயித்துக்கெழம."

"எந்த ஞாயித்துக்கெழம?"

"முந்தாநாள்."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். உலகம்மாள் தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், பரீட்சைத் தாளில் காப்பி அடித்ததைப் பிடித்த மாதிரி. "என்ன எழுதப் போனீங்க?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சும்மா கிறுக்கினேன் என்று சொல்லியிருக்கலாம்.

"மனுவ வாபஸ் வாங்குதேன்னு."

அவள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். "நாலாவது உரிமைவிடலா சார்?"

"முடிக்கலயே."

"ஏன் முடிக்கல?"

"ஒரு உதாரணம் சொன்னா..." என்று தொடங்கி, நானே நிறுத்தினேன். மேசையில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினேன். "பன்னெண்டுல எழுதுறப்ப கை நடுங்கல. நல்லா ஞாபகம் இருக்கு. கோடு போட்ட மாதிரி எழுதினேன். எழுதிட்டு டீ குடிச்சேன். அம்மாவுக்காக இல்ல. அவங்க நல்லாத்தான் இருந்தாங்க. ஹெச்.எம். பேனல் லிஸ்ட்ல நீ எனக்கு மேல இருந்த. ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தன், இனிமே வீட்லயும் ஹெச்.எம்.கிட்ட பெர்மிஷன் வாங்கணும்லா சார்னான். எல்லாரும் சிரிச்சானுவ. அன்னைக்குச் சாயங்காலம் வந்து பீரோவத் தொறந்தேன்."

"நாலு பேரு சிரிச்சதுக்கா?"

"ஆமா."

"முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலு பேரு சிரிச்சதுக்கு!"

அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை.

"இப்பச் சொன்னீங்கள்ளா, அத எழுதுங்க. உங்க எழுத்துல, உங்க பேர்ல."

ஜெசிந்தா வெள்ளைத் தாள் கொடுத்தாள். எழுதினேன். ஸ்டாஃப் ரூம் சிரிப்பையும் எழுதினேன். ஊட்டிவிட்டதையும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. ஜூலை பத்தாம் தேதி காலியாக விட்ட முக்கால் பக்கத்தில் என்ன வந்திருக்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

உலகம்மாள் வாசித்து முடித்ததும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இனி வீட்டுக்கு வரலாம்லா, உலகு?"

"நான் உங்கள மன்னிக்கதுக்கு இங்க வரல" என்றாள். "எம் பேரு லிஸ்ட்ல இருந்துச்சுன்னு உங்க வாயால கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

பிறகு அந்த விடுப்புத் தாளை எடுத்து, தன் கையெழுத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டாள். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பஸ் நிலையம் வரை நடந்தே வந்தேன். கோபம் வழக்கம்போல வந்தது. எழுதிக் கொடுத்த பிறகும் போகிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, அதை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒப்பந்தம் நாலு பக்கம். தட்டச்சாகி வந்திருந்தது. என்னிடம் முதலில் கொடுத்தார்கள். எல்லாம் பேசியதுதானே என்று மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, நாலு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

உலகம்மாளிடம் போனது. பேனா மூடியைத் திறக்காமல் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"டீச்சர், நம்ம பேசினதுதான் எல்லாம்" என்றாள் ஜெசிந்தா. அடுத்த தம்பதி வெளியே காத்திருந்தார்கள்.

"இருக்கட்டும். வாசிச்சிக்கிடுதேன்."

விரலை வரிக்குக் கீழே நகர்த்தியபடி வாசித்தாள். இரண்டாம் பக்கத்தின் மேற்பகுதியில் விரல் நின்றது.

"இதுல நான் இல்லத்தரசின்னு போட்டிருக்கு."

தட்டச்சு செய்தவர் வழக்கமான படிவத்தை அப்படியே போட்டிருக்கிறார். ஜெசிந்தா நெற்றியைத் தட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களில் ஒற்றுப்பிழை பிடித்தவன் நான். அந்தப் பக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

'ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை, கணிதம்' என்று மாற்றி மறுபடி அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். நான் திரும்பவும் நாலு இடத்தில் போட்டேன். அவள் திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை வருடங்களாக நான் நீட்டிய எந்தத் தாளையும் அவள் வாசித்ததில்லை. எங்கே போடணும் என்று மட்டும் கேட்பாள். அதை நான் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எழுந்து போய்விடலாம் போல ஆத்திரமாக இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

வாசித்து முடித்துப் பேனாவைத் திறந்தாள். நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். கடைசிப் பக்கத்தில் தேதிக்கு விட்டிருந்த இடத்தை நிரப்ப, பழக்கத்தில் என் கை நீண்டுவிட்டது. அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தேதியை அவளே போட்டாள்.